காலையில் பிடிக்கும், மதியம் பிடிக்காது

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றும் பழைய டீசல் ஜீப், நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் ஃபோர் வீல் வண்டி. "காலையில பிரேக் நல்லா புடிக்குது சார். பத்து மணிக்கு மேல லோடோட கேப்பர் மலை எறங்குறப்ப பெடல் கல்லு மாதிரி ஆயிடுது. ரெண்டு காலையும் வெச்சு ஏறி நின்னாதான் வண்டி நிக்குது. லைனர் மாத்தியாச்சு, மாஸ்டர் சிலிண்டர் மாத்தியாச்சு. இன்னும் என்னத்த மாத்தறது?"

'கல்லு மாதிரி' என்று அவர் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை என்றால் முதலில் காலைத்தான் விசாரிக்க வேண்டும். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினால் அந்த ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து உள்ளுக்குள் கசிகிறது. இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால்தான் பிடிக்கிறது என்றால் பின்சக்கர டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனரை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பழைய ஃபோர் வீல் வண்டியில் ஆக்சில் சீல் கசிந்து கியர் ஆயில் லைனரை நனைப்பதும் உண்டு; அப்போது வண்டி மறுபக்கம் இழுக்கும். பெரிய டயர் மாட்டியவர்கள் கூடுதலாக ஒன்றையும் நினைவில் வைக்கலாம்: டயரின் உயரம் பத்து சதவீதம் கூடினால் அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிடி ஏறக்குறைய பத்து சதவீதம் குறையும்.

சூடானால்தான் கோளாறு என்றதும் பிரேக் ஆயில் மேல் சந்தேகம் வருவது நியாயம். அது ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறியதும் 140 வரை இறங்கலாம். நம் கடற்கரைக் காற்றில் டப்பாவைத் திறந்து வைத்தாலே ஈரம் ஏறத் தொடங்கிவிடும். ஆனால் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தொளதொளவென்று தரை தொடும். கல்லாகாது. லைனர் சூடேறிப் பிடி விட்டால் பெடல் வழக்கம்போல் இறங்கும், வண்டிதான் நிற்காது, தீய்ந்த வாடையும் வரும். வாடை எதுவும் இல்லை என்றார்.

மிச்சம், நம் மிதிக்குப் பலம் கூட்டித் தரும் பூஸ்டர். அதன் உதவி நின்றால்தான் பெடல் கல்லாகும். நான் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால், இரண்டு தாம்பாளங்களை முகத்தோடு முகம் வைத்து ஒட்டியதுபோல் கறுப்பாக ஒரு டப்பா இருக்கும். உள்ளே ஒரு ரப்பர் திரை அதை இரண்டு அறையாகப் பிரிக்கிறது. எஞ்சின் ஓடும்போது இரண்டு அறையிலிருந்தும் காற்று உறிஞ்சப்பட்டிருக்கும். திரை சும்மா கிடக்கும். பெடலைத் தொட்டதும் அறைகளுக்கு நடுவே இருந்த வழி அடைபட்டு, பின்னறைக்குள் மட்டும் வெளிக்காற்று நுழைகிறது. எஞ்சின் சத்தம் குறைவாக இருந்தால் கால்மாட்டில் 'உஸ்' என்று கேட்கும். காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் ஒரு கிலோ எடையை அழுத்துகிறது. திரையின் விட்டம் 23 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 415. எதிர்ப்பக்கம் எண்பது சதவீதம் வெறுமையானாலும் 330 கிலோ, அதாவது ஆறரை சிமென்ட் மூட்டை, நம் காலோடு சேர்ந்து தள்ளுகிறது. காற்று குறைந்த இமயமலை உயரத்தில் இருக்கும் லே போனால் இந்தக் கணக்கு இளைத்துவிடும். கடல் மட்டத்தில் குடியிருக்கும் நமக்குக் காற்றின் முழு எடையும் இலவசம்.

சரி, காற்றைத் திறந்துவிட்டால் அது முழு பலத்தோடு தள்ளி, தொட்டதுமே நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டுமே? கால் கேட்ட அளவு எப்படி அதற்குத் தெரிகிறது? நாணயம் அளவில் ஒரு ரப்பர் வில்லையால். கிண்ணம் போன்ற குழியில் நகர இடமின்றி உட்கார்ந்திருக்கிறது. அதன் முன்பக்கம் மாஸ்டர் சிலிண்டரின் தண்டு. பின்பக்கத்தில் ஓரத்தைத் திரை தள்ளுகிறது, நடுவைப் பெடலின் தண்டு தள்ளுகிறது. பிரேக் ஆயிலில் அழுத்தம் ஏற ஏற வில்லை நசுங்கி, பிசைந்த மாவு விரலிடுக்கில் பிதுங்குவதுபோல் நடுவில் பிதுங்கி, பெடல் தண்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தண்டு ஒரு நூலளவு பின்வாங்கினால் காற்று வழி அடைபடும். இன்னும் மிதித்தால் மறுபடி திறக்கும். பிரேக் 'பிடிப்பதாக' நம் பாதம் உணர்வதே அந்த வில்லை திருப்பிக் கொடுக்கும் பங்குதான். சென்சர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது.

அடைபட்ட ரப்பர் திரவம்போல் எல்லாத் திசையிலும் சமமாக அழுத்துகிறது என்றால், பள்ளியில் மனப்பாடம் செய்த பாஸ்கல் விதிதான். காற்றுக்கு எடை உண்டு, மேலே போகப் போக அது குறையும் என்று 1648-ல் தன் அக்காள் கணவரைப் பாதரசக் குழாயோடு மலையேற்றிக் காட்டியவரும் அதே பாஸ்கல். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் குடியேறிய 1674-க்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். காயலான் கடையில் கிடக்கும் பூஸ்டர் ஒன்றைக் குறுக்கே அறுத்து வைத்தால் ஒரு பாடமே நடத்தலாம். பூட்டிக் கிடக்கும் பள்ளி ஆய்வகங்களுக்கு இதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியவில்லை.

முதுநகருக்குப் போனேன். பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதிதாகத் தொங்கின. பூசணிக்காயும் உடைத்தாகிவிட்டதாம். சோதிக்காமல் மாற்றிய லைனரும் எனக்கு அந்தப் பூசணிக்காயாகத்தான் தெரிகிறது. செலவுதான் வேறு.

சோதனை ஒரு நிமிட வேலை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால், பெடல் காலுக்கடியில் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கியது! பூஸ்டர் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு அசடு வழிய நின்றேன். "சார், நீங்க வந்திருக்கறது காலையில" என்றார்.

பதினொன்றரைக்கு, வண்டி லோடு இறக்கித் திரும்பியதும் மறுபடி செய்தோம். பெடல் அசையவில்லை.

பெட்ரோல் எஞ்சின் மூச்சு இழுக்கும் வழியில் ஒரு கதவு உண்டு. அதனால் வெற்றிடம் தானாகவே கிடைக்கும். டீசலில் அந்தக் கதவு இல்லை. வெற்றிடம் உண்டாக்க வேக்குவம் பம்பு தனியாக வேண்டும். இவர் வண்டியில் அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருந்தது. பூஸ்டர் முனையில் ஹோஸைக் கழற்றி, ஐடிலில் கட்டைவிரலை வைத்தேன், இழுப்பே இல்லை. பம்பு முனையில் வைத்தால் விரலைக் கவ்வியது. அப்படியானால் நடுவில் உள்ள ஹோஸ்தான். எப்போதோ யாரோ டீசல் போகும் சாதாரண ஹோஸை வெட்டி மாட்டியிருக்கிறார்கள். அது உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும், உறிஞ்சலைத் தாங்காது. சைலன்சர் சூட்டில் இளகியதும், இளநீரில் வழுக்கை அடைத்த ஸ்ட்ரா ஒட்டிக்கொள்வதுபோல் ஒட்டிக்கொண்டது. ஆறினால் விரிந்துவிடும். காலையில் யார் பார்த்தாலும் குற்றம் தெரியாது.

வேக்குவத்துக்கென்றே வரும் கெட்டியான ஹோஸ் மாட்டி, மறுநாள் மதியம் லோடோடு கேப்பர் மலை இறங்கினோம். ஃபோர் வீல் கியரை எடுத்துவிடச் சொன்னேன். அது விழுந்திருந்தால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, எந்தச் சக்கரத்தில் பிரேக் குறைவு என்பதை மறைத்துவிடும். பாதிச் சரிவில் மிதிக்கச் சொன்னேன். பழக்க தோஷத்தில் மனிதர் இரண்டு காலையும் வைத்து ஏறி மிதித்தார். வண்டி அங்கேயே நட்டுக்கொண்டு நின்றது. பின்னாலிருந்த ஐஸ் பெட்டி இருக்கையில் வந்து மோத, மீன் தண்ணீர் என் சட்டைக் காலருக்குள் இறங்கியது.