ஆனோடு: நேர்மின்வாயா, எதிர்மின்வாயா?

மின்வேதியியலில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் 'ஆனோடு' என்ற சொல்தான். கரைசலோடு மின்சுற்றை இணைக்கும் இரண்டு மின்வாய்களில் (electrode) ஒன்று ஆனோடு, மற்றது கேத்தோடு. மின்னாற்பகுப்பு, அதாவது மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிப்பது, நடத்தும்போது ஆனோடு என்றால் நேர்மின்வாய் என்று சொல்லிவிடுகிறோம். அப்புறம் வேதிவினையால் மின்சாரம் தரும் டேனியல் மின்கலம் வருகிறது. அங்கே துத்தநாகத் தகடுதான் ஆனோடு. அதன் குறியோ எதிர்க்குறி. "நேர்மின்வாய்க்கு எப்படி எதிர்க்குறி வரும்?" என்று கேட்கும் மாணவர் சரியாகத்தான் கேட்கிறார். பிழை நாம் கொடுத்த சொல்லில் இருக்கிறது.

மூலச் சொல்லில் நேர், எதிர் என்ற பேச்சே இல்லை. கிரேக்கத்தில் 'அனா' என்றால் மேலே, 'ஹொடோஸ்' என்றால் வழி. ஆனோடு, மேலேறும் வழி; கேத்தோடு, கீழிறங்கும் வழி. 1834-இல் மைக்கேல் ஃபாரடே இவற்றை வெளியிட்டார்; சொற்களை ஆக்கிக்கொடுத்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹூவெல். மேலும் கீழும் எங்கிருந்து வந்தன? சூரியனிடமிருந்து. பூமியின் காந்தத்தன்மைக்குக் காரணம் கிழக்கிலிருந்து மேற்காகச் சுற்றும் மின்னோட்டம் என்று வைத்துக்கொண்டு, கலத்தையும் அதே திசையில் வைத்துப் பார்த்தார் ஃபாரடே. மின்னோட்டம் கரைசலுக்குள் நுழையும் பக்கம் கிழக்கு, அதாவது சூரியன் எழும் வழி. வெளியேறும் பக்கம் மேற்கு. மின்னாற்பகுப்பானாலும் டேனியல் கலமானாலும் இந்தப் பொருள் பிசகுவதில்லை.

மின்வாய்க்கு வழங்கிய 'துருவம்' (pole) என்ற பழைய சொல்லை ஃபாரடே கைவிட்டதற்கும் காரணம் உண்டு. அது காந்தத்தைப் போல ஈர்ப்பையும் விலக்கையும் நினைக்க வைக்கும். அதனால்தான் மின்முனை என்பதைவிட மின்வாய் எனக்குப் பிடிக்கும். காந்தமுனையை அது நினைவூட்டாது. 'வாய்' என்பதற்குத் தமிழில் வழி என்ற பொருளும் உண்டு. ஹொடோஸுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

சரி, ஆனோடுக்கு என்ன சொல்வது? ஆக்சிஜனேற்ற மின்வாய் என்பேன். கேத்தோடு ஒடுக்க மின்வாய். எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம்; முன்னது எப்போதும் ஆனோடில், பின்னது எப்போதும் கேத்தோடில் நடக்கும். நீளம்தான், ஆனால் எந்தக் கலத்திலும் பொய்யாகாது. நேர், எதிர் என்பவற்றைக் குறிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மின்னேற்றும்போது பேட்டரியின் நேர்முனையில் ஆக்சிஜனேற்றம் நடக்கிறது, அப்போது அதுவே ஆனோடு. பயன்படுத்தும்போது அதே முனை கேத்தோடு. குறி மாறுவதில்லை, வேலைதான் மாறுகிறது.