நீதிபதியின் பக்கச்சார்பு: வழக்கை மாற்றக் கோரும் உரிமை

இலங்கை அரசியலமைப்பின் 13(3) ஆம் உறுப்புரையின்படி, குற்றஞ்சாட்டப்பட்ட எவரும் தகுதிவாய்ந்த நீதிமன்றமொன்றில், நேரிலோ சட்டத்தரணி மூலமோ, நேர்மையாக விசாரிக்கப்படுவதற்கு உரித்துடையவர். ஒரு நீதிமன்றத்தில் நேர்மையான, பக்கஞ்சாராத விசாரணை நடைபெற முடியாது எனத் தோன்றுமிடத்து, வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றும் அதிகாரத்தை 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அளிக்கிறது. வேலைநிறுத்தத்தின்போது கைதாகி ஹட்டனிலோ நுவரெலியாவிலோ நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் தோட்டத் தொழிலாளிக்கும் இவ்வுரிமை உண்டு.

நீதிபதி தாமே ஒரு தரப்பாகவோ தனிப்பட்ட அக்கறை உடையவராகவோ இருக்கும் வழக்கை, இரு தரப்பினரும் இணங்கினாலன்றி, அவர் விசாரிக்க முடியாது என்று அதே சட்டத்தின் 49ஆம் பிரிவு கூறுகிறது. பிணை மறுக்கப்பட்டது என்பதோ, கட்டளையொன்று பாதகமாக அமைந்தது என்பதோ பக்கச்சார்புக்குச் சான்றாகாது. அவற்றை மேன்முறையீட்டின் மூலமோ மீளாய்வு மனுவின் மூலமோ எதிர்க்க வேண்டும்.

அரசுக்கு எதிராக எழுந்தவர்களின் வழக்குகளில், யார் நீதிபதியாக அமர்கிறார் என்பதே பல வேளைகளில் முடிவைத் தீர்மானித்திருக்கிறது. 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சியின்போது பிறப்பிக்கப்பட்ட இராணுவச் சட்டத்தின் கீழ், கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரான் அப்புவைப் படை அதிகாரிகளின் நீதிமன்றமே விசாரித்தது. அவர் ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்கிய படையே தீர்ப்பும் வழங்கியது. சில மாதங்கள் கழித்துக் கண்டியில் உயர் நீதிமன்றத்தின் முன் விசாரிக்கப்பட்ட மற்றொரு தலைவரான கொங்காலகொட பண்டாவுக்கும் மரண தண்டனையே விதிக்கப்பட்டது. ஆயினும் அது கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாற்றப்பட்டது. 1937இல், மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றில் பயிற்சித் துரையாக இருந்து பின்னர் இடதுசாரிகளுடன் சேர்ந்த பிரேஸ்கேர்டலை நாட்டைவிட்டு வெளியேற்ற ஆளுநர் ஸ்டப்ஸ் பிறப்பித்த கட்டளை செல்லாது எனப் பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலனியத்து நீதிபதிகள் எல்லோரும் ஆளுநரின் பக்கமே நின்றனர் என்று எழுதுவோர் இத்தீர்ப்பைக் கடந்து சென்றுவிடுகின்றனர்.

இன்றைய வழக்குகளுக்கு நெருக்கமானது அரசாங்கத்தைக் கவிழ்க்க முயன்றதாகத் தொடரப்பட்ட 1962ஆம் ஆண்டுச் சதிப்புரட்சி வழக்காகும். அதில் சிக்கியவர்கள் தீவிர இடதுசாரிகள் அல்லர். பெரும்பாலும் படை, பொலிஸ் அதிகாரிகள். எனினும், அவ்வழக்கை விசாரிக்க நீதி அமைச்சர் பெயர் குறித்து நியமித்த மூன்று நீதியரசர்கள், அவர்களுள் சிறீ ஸ்கந்தராஜாவும் ஒருவர், அந்நியமனமே செல்லாது என்று தாமே தீர்ப்பளித்து விலகினர். நீதி வழங்கப்படுவது மாத்திரம் போதாது, அது நேர்மையாக வழங்கப்படுவதாகச் சாதாரண மனிதருக்குத் தோன்றவும் வேண்டும் என்ற அளவுகோலை அவர்கள் தமக்கே பொருத்திக்கொண்டனர். நீதிபதியின் மனத்துக்குள் நுழைந்து வெறுப்பை நிரூபிக்கும் சுமையிலிருந்து மனுதாரரை விடுவிப்பதும் இதே அளவுகோல்தான்.

மலையகத்தில் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சிங்களத்தில் நடக்கும் விசாரணை விளங்காமையால் நீதிபதி தமக்கு எதிரானவர் என்று எண்ணிவிடுவோர் உளர். அத்தகையோருக்குத் தேவைப்படுவது வழக்கு மாற்றமன்று. தமிழில் ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும், அரச செலவில் உரைபெயர்ப்பைப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை அளிக்கிறது. அதை முதல் தவணையிலேயே கேட்க வேண்டும்.

பக்கச்சார்பு குறித்த ஆட்சேபத்தைத் தீர்ப்பு வரும்வரை ஒத்திவைப்பது ஆபத்தானது. முடிவு பாதகமான பின்னர் எழுப்பப்படும் ஆட்சேபத்தை மேல்நிலை நீதிமன்றங்கள் ஐயத்துடனேயே நோக்கும். நீதிபதி கூறிய சொற்கள் எவை, எந்தத் தவணையில் கூறப்பட்டன என்பவற்றைச் சட்டத்தரணி திறந்த மன்றில் சுட்டிக்காட்டி, வழக்கேட்டில் பதியச் செய்தல் நன்று. மாற்றக் கோரிக்கையைச் சத்தியக்கடதாசியுடன் கொழும்பு, புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். தோட்டச் சம்பளத்தில் அந்தச் செலவைத் தாங்க இயலாதவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 126ஆம் உறுப்புரையின் கீழான அடிப்படை உரிமை மனு நிறைவேற்று, நிருவாகச் செயல்களுக்கு எதிரானது. நீதிபதியின் தீர்ப்பை அதன் மூலம் எதிர்க்க முடியாது. நீதவானின் நடத்தை பற்றி நீதிச்சேவை ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அம்முறைப்பாடு ஒழுக்காற்று விசாரணைக்கு வழிவகுக்கக்கூடுமே தவிர, வழக்கை மாற்றாது.