போர்ட்டை ரீசெட் செய்யும் முன் அதைக் கொஞ்சம் படியுங்கள்

மும்பை செம்பூரில் ஒரு பாட்டு டீச்சர். தினமும் காலை ஆறரைக்கு அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறார். ஒன்றரை மாதத்தில் ஏழு முறை இன்டர்நெட் புகார் கொடுத்திருக்கிறார். ஏழையும் ஒரே வரி எழுதி மூடியிருக்கிறார்கள்: "போர்ட் ரீசெட் செய்யப்பட்டது, லைன் ஓகே." ஒரு டிக்கெட்டில் மட்டும் கூடுதலாக, "வாடிக்கையாளர் மோடத்தை அணைத்திருந்தார்."

எட்டாவது புகார் என்னிடம் வந்தது. மும்பையில் பதினெட்டு வருடமாக டிஸ்லாம் பராமரிப்புதான் என் வேலை. போன் கம்பி வழியாக வீடுகளுக்கு இன்டர்நெட் அனுப்பும் கருவிதான் டிஸ்லாம், அதில் ஒவ்வொரு வீட்டு லைனும் சொருகியிருக்கும் இடம் போர்ட். இந்த ஒரு வரியைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போய்த்தான் இதை எழுதுகிறேன், முக்கியமாகக் கண்காணிப்பு அறையில் புதிதாக வந்து உட்காரும் நம் பிள்ளைகளுக்காக.

டீச்சரிடம் போனில் பேசினேன். "தம்பி, நான் புகார் கொடுக்காம விட்டா மறுநாள் மெதுவாவாவது ஒழுங்கா ஓடுது. புகார் கொடுத்தா மறுநாள் காலைல கண்டிப்பா அறுந்துபோகுது. இதுக்கு நான் என்ன செய்ய?" என்றார். கேட்பவர்களுக்கு அது வயதானவர் புலம்பலாகத் தெரியும். அட்சரம் பிசகாத உண்மை அது.

அன்றைக்குப் போர்ட்டை யாரும் தொடாமல் வைக்கச் சொல்லிவிட்டு, லைனில் விழும் பிழைகளை 15 நிமிடக் கட்டங்களாக எண்ணி வைக்கும் கவுண்டர்களைத் திறந்தேன். ராத்திரி முழுக்க எரர் செகண்ட், அதாவது பிழை விழுந்த விநாடிகள், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். காலை 6:15 கட்டத்தில் 212. அடுத்ததில் 168. 6:45 கட்டத்தில் 140. ஏழு மணிக்குப் பிறகு மறுபடி பூஜ்யம். 6:15 கட்டத்திலேயே இரண்டு ரீட்ரெயின், அதாவது லைன் இரண்டு முறை அறுந்து மறுபடி இணைந்திருக்கிறது. எல்பிஆர் ஒன்றுகூட இல்லை. அதாவது மோடத்துக்குக் கரண்ட் நிற்கவே இல்லை. பெரும்பாலான மோடம்கள் அணையும்போது கடைசியாக ஒரு செய்தி அனுப்பும், அது போர்ட்டில் எல்பிஆர் என்று பதிவாகும். அதைப் பார்க்காமல் "வாடிக்கையாளர் அணைத்துவிட்டார்" என்று எழுதுவது அநியாயம்.

இப்போது என்னை மிகவும் வதைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். போர்ட் 'அப்' என்று காட்டினால் லைன் நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கை. 'அப்' என்றால் மோடமும் போர்ட்டும் இந்த நிமிடம் பேசிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். நேற்று எத்தனை முறை அறுந்தது, எந்த நேரத்தில் அறுந்தது என்று அந்தப் பச்சை நிறம் சொல்லாது. மார்ஜின், அதாவது கம்பியில் கலக்கும் மின் இரைச்சல் கூடினால் தாங்குவதற்கு விட்டுவைக்கும் இடைவெளி, 6 டெசிபல் இருக்கிறதே என்பார்கள். இலக்கு மார்ஜினை 6 என்று ப்ரொஃபைலில் (போர்ட்டுக்கு நாம் கொடுக்கும் அமைப்பில்) வைத்தது நாம்தான்! மோடமும் போர்ட்டும் இணைந்து சிங்க் ஆகும் நிமிடத்தில் எவ்வளவு இரைச்சல் இருக்கிறதோ, அதற்கு மேல் 6 டெசிபல் விட்டுவிட்டு மீதியை எல்லாம் மோடம் வேகமாக்கிக்கொள்ளும். அதனால் ரீசெட் செய்த உடனே பார்த்தால் வேகத்துக்கு நாம் வைத்த உச்சவரம்பை எட்டாமல் ஓடும் எந்த லைனும் ஏறக்குறைய 6 என்றுதான் காட்டும். நல்ல லைனும் காட்டும், நாசமாய்ப் போன லைனும் காட்டும்.

டீச்சர் லைனில் நடந்தது இதுதான். காலையில் இரைச்சல் வந்ததும் போர்ட் விழுகிறது. இரைச்சலுக்கு நடுவிலேயே ரீட்ரெயின் ஆகி, 3 எம்பிபிஎஸ்ஸில் பிடித்து நிற்கிறது. ஏழு மணிக்கு இரைச்சல் ஓய்ந்ததும் மார்ஜின் 14-க்கு ஏறுகிறது. அதாவது லைன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டுவிட்டது. பதினொரு மணிக்கு நம் ஆள் பார்க்கிறார். வேகம் குறைவு என்று ரீசெட் செய்கிறார். அப்போது இரைச்சலே இல்லை, 8 எம்பிபிஎஸ், மார்ஜின் 6, டிக்கெட் மூடியாயிற்று. மறுநாள் காலை அந்த 6 டெசிபல் தாங்குமா? புகார் கொடுத்த மறுநாள் அறுந்துபோனதற்குக் காரணம் நாம் செய்த ரீசெட்தான்.

சரி, 6:15-க்கு என்ன? மும்பையில் இருப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். தண்ணீர் வரும் நேரம். குடியிருப்புச் சொசைட்டியில் மேல் தொட்டிக்கு மோட்டார் போடுகிறார்கள். நேரில் போனேன். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் காண்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) தேய்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, இடுக்கில் நீலப் பொறி தெரிந்தது. அந்தப் பெட்டியை ஒட்டியே முறுக்கில்லாத பழைய டிராப் ஒயர் (வீட்டுக்குப் போகும் போன் கம்பி), பவர் கேபிளோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் சுற்றிக் கட்டியிருந்தது. முறுக்கு இல்லாத ஒயர் பக்கத்தில் நடப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். முறுக்குக் கேபிள் போட்டு எதிர்ச் சுவர் வழியாகக் கொண்டுபோனோம். காண்டாக்டரை மாற்றச் சொல்லி செக்ரட்டரியிடம் கேட்டுக்கொண்டேன்.

தம்பி, தங்கைகளே, புகார் வந்ததும் முதலில் கவுண்டரைப் பாருங்கள். பெரும்பாலான டிஸ்லாமில் 15 நிமிடக் கட்டங்கள் 96-தான் நிற்கும், அதாவது ஒரு நாள். நாளை பார்க்கலாம் என்றால் தடயம் போய்விடும். படம் எடுத்து டிக்கெட்டில் ஒட்டுங்கள், அப்புறம் கை வையுங்கள். போர்ட் அசையவில்லை என்று பல போர்ட்கள் சேர்ந்திருக்கும் லைன் கார்டையே ரீசெட் செய்யாதீர்கள், அதில் இன்னும் நாற்பது ஐம்பது வீடு தொங்கிக்கொண்டிருக்கும். போர்ட் விவரத்தில் எழுதியிருக்கும் போன் நம்பரையும் நம்பிவிடாதீர்கள். போர்ட்டையும் வீட்டு லைனையும் இணைக்கும் ஜம்பர் கம்பியை மாற்றியவர் அதைத் திருத்தியிருக்க மாட்டார்.

இரைச்சல் உள்ள லைனுக்கு ப்ரொஃபைலில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. வேகத்தின் உச்சவரம்பைக் குறையுங்கள், மீதி மார்ஜினாக மாறும். ஆனால் அதிகபட்ச மார்ஜின் என்று ஒரு எண் தனியாக இருக்கிறது. அது 8 என்று கிடந்தால் கருவி பவரைக் குறைத்து மார்ஜினை அங்கேயே நிறுத்திவிடும், நீங்கள் செய்தது வீண். இலக்கு மார்ஜினை 9 ஆக்கிப் பாருங்கள். இன்டர்லீவிங் (டேட்டாவை இடம் மாற்றிக் கலந்து அனுப்பி, இரைச்சலால் வரும் பிழையைத் திருத்த உதவும் முறை) கூட்டினால் சில மில்லிசெகண்ட் தாமதம் கூடும், வகுப்பு எடுப்பவருக்கு அது தெரியாது, பாதிப் பாட்டில் அறுந்தால் தெரியும்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுதல். "நெட் விட்டு விட்டுப் போகுது" என்று சொல்லாமல், எத்தனை மணிக்குப் போனது என்று நான்கு நாள் காலண்டரில் குறித்துக் கொடுங்கள். பழைய போன் எங்காவது ஸ்ப்ளிட்டர் (போன் பேச்சையும் இன்டர்நெட்டையும் பிரிக்கும் சிறு பெட்டி) இல்லாமல் சொருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டீச்சரின் கட்டடத்தில் இன்னும் நான்கு லைன் அதே டிஸ்லாமில் இருக்கிறது. காண்டாக்டரை இன்னும் மாற்றவில்லை. நேற்று பார்த்தேன், நான்கிலும் 6:15 கட்டத்தில் எரர் செகண்ட் நூற்றைத் தாண்டுகிறது. யாரும் புகார் கொடுக்கவில்லை. நாளைக் காலை நானே அவர்களுக்குப் போன் செய்கிறேன்.