முதல் எரர் வரியைப் படித்துவிட்டுச் சண்டை போடுங்கள்

இந்த மாங்காய் சீசனில் இது மூன்றாவது சண்டை. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரி. போன ஜூலையில் அணைத்து வைத்த எடைமேடை கம்ப்யூட்டரை மே மாதம் மறுபடி போட்டிருக்கிறார்கள். அதில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். இரவில் தானாக அப்டேட் இறங்கி, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.19 போய் 6.5 வந்துவிட்டது. காலையில் வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நிற்க, எடை கம்ப்யூட்டருக்கு வரவில்லை. எடையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் கார்டின் டிரைவர், அதாவது அந்தக் கார்டை இயக்கும் புரோகிராம், புதிய கெர்னலுக்குக் கம்பைல் ஆகவில்லை.

கார்டு விற்றவர் போனில், "கெர்னல் ஹெடரை உடைச்சுட்டாங்க, உபுண்டுகாரங்களைக் கேளுங்க" என்றார். கம்ப்யூட்டர் விற்றவர், "கார்டே சரியில்லைங்க" என்றார். கணக்குப்பிள்ளை எடையை நோட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தார். எரரை யாருமே படிக்கவில்லை. முதல் எரர் வரியிலேயே கிளாஸ்_கிரியேட் என்று இருந்தது. அது கெர்னலில் உள்ள ஒரு ஃபங்ஷன். 6.4 கெர்னலில் அதற்கு அனுப்பும் விவரங்களில் (ஆர்க்யுமென்ட்) முதலாவதை எடுத்துவிட்டார்கள். டிரைவர் பழைய மாதிரியே இரண்டு ஆர்க்யுமென்ட் அனுப்பியது. அவ்வளவுதான்.

"லினக்ஸ் எதையும் உடைக்காது என்றார்களே" என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காப்பது, கெர்னலுக்கு வெளியே ஓடும் புரோகிராம்களுக்குத் தந்த வாக்கு. அதற்கான ஹெடர்களை (ஃபங்ஷன்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும் ஃபைல்களை) 2012-இல், 3.7 கெர்னலில், யூஏபிஐ என்று தனியாகவே பிரித்து வைத்தார்கள். டிரைவர் எடுத்துக்கொள்வது கெர்னலின் உள் ஹெடர்களை. அவை மாறும், மாற்றுவோம் என்று கெர்னல் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். கெர்னலுக்குள் சேர்ந்த டிரைவரை, மாற்றம் செய்பவரே திருத்திவிடுவார். வெளியே வைத்திருந்தால், திருத்தும் பொறுப்பு டிரைவர் எழுதியவருடையது. கார்டு விற்கும் நண்பர்களே, இது உங்கள் வேலை. கெர்னல் பதிப்பைப் பார்த்துப் பழையது, புதியது என்று பிரிக்கும் ஒரு இஃப் வரி போதும்.

ஹெடர் பேக்கேஜே இல்லாமல் கம்பைல் செய்துவிட்டுச் சண்டைக்கு வருபவர்களும் உண்டு. ஓடுகிற கெர்னலின் எண்ணும் ஹெடரின் எண்ணும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். பழைய ஹெடரைக் காப்பி செய்து ஒட்டாதீர்கள். கம்பைல் ஆனாலும், அதில் கிடைக்கும் டிரைவர் ஃபைல் (மாட்யூல்) கெர்னலில் ஏறாது. ஹெடர் ஃபைலைத் திறந்து கையால் திருத்தவே திருத்தாதீர்கள். கடைசியில் வரும் "எரர் 2" வெறும் முடிவுரை. மேலே போய் முதல் எரரைப் படியுங்கள்.

அன்று கம்ப்யூட்டரைப் போட்டதும் வரும் கிரப் மெனுவில் பழைய 5.19-ஐத் தேர்ந்தெடுத்து எடைமேடையை ஓட்டினோம், பத்தே நிமிடம். அப்புறம்தான் டிரைவரைத் திருத்தினேன். பழைய கெர்னலை அழிக்காதீர்கள். சீசன் முடியும்வரை கெர்னல் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். ஏப்ரலிலேயே ஒருமுறை கம்ப்யூட்டரைப் போட்டு, ஒரு வண்டியை ஏற்றி எடை பார்த்துவிடுங்கள்.