மொந்தன் பாரீஸுக்குப் போனால் எந்த எண்ணில் போகும்?

காரைக்கால் பக்கம் பல வீடுகளில் பிரான்ஸில் ஒரு மாமாவோ மச்சானோ இருப்பார். அவர் பாரீஸின் லா ஷப்பெல் பகுதியில் கடை வைத்திருந்தால், ஒருநாள் சுங்க வேலைகளை முடித்துக்கொடுக்கும் எங்களைப் போன்ற கிளியரிங் ஏஜென்டுக்கு போன் வரும்: "அண்ணே, நம்ம ஊர் மொந்தன் அனுப்பணும். எல்லாம் வாழைதானே, வாழைன்னே போட்டுடுங்க."

அப்படிப் போட முடியாது. ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கப் பட்டியலில் ஓர் எண் உண்டு, வரி அதைப் பொறுத்தது. அதில் வாழை முழுவதற்கும் தலைப்பு 0803. 2012 முதல் அது உலகம் முழுக்க ஆறு இலக்கத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிட்டது. மாவுச்சத்து மிகுந்து, பெரும்பாலும் வேகவைத்தோ வறுத்தோ சாப்பிடுகிற சமையல் வாழை 080310. மற்றதெல்லாம் 080390. மொந்தன் முதல் பிரிவு. பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, ஜி9 (கிராண்ட் நைன் ரகம்) இரண்டாவது.

காயா பழமா என்பது இங்கே கணக்கே இல்லை. ஜி9 எப்போதும் பச்சையாகத்தான் கப்பல் ஏறும். அதற்காக அது சமையல் வாழை ஆகிவிடாது. வழியில் மொந்தன் பழுத்துவிட்டாலும் எண் மாறாது. நேந்திரனை மலையாளிகள் பழமாகவும் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் அது சமையல் வாழைக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

எண் மாறினால் என்ன ஆகும்? பணம்தான். சலுகை எதுவும் சேராத பொது விகிதத்தில், ஐரோப்பிய ஒன்றியம் புதிய வாழைப்பழத்துக்கு எடையை வைத்து வரி போடுகிறது: டன்னுக்கு 114 யூரோ. சமையல் வாழைக்கோ மதிப்பை வைத்து 16 சதவீதம். அந்த மதிப்பில் காயின் விலை மட்டுமல்ல, சரக்குக் கட்டணத்தின் பெரும்பங்கும் சேரும். எங்கள் ஆட்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

ஒரு பேச்சுக்கு, விமானத்தில் போகும் மொந்தன் எல்லைக்குள் நுழையும்போது கிலோ 3 யூரோ மதிப்பு என்று வையுங்கள். வரி 48 சென்ட். அதையே வாழைப்பழம் என்று எழுதினால் 11.4 சென்ட்தான். வித்தியாசம் நான்கு மடங்குக்கு மேல் இருப்பதால், மச்சானுக்கு ஆசை வருவது புரிகிறது. கப்பலில் மலிவாகப் போகும் சரக்குக்குக் கதை தலைகீழ். கிலோ மதிப்பு சுமார் 71 சென்ட்டுக்குக் கீழே இறங்கினால் சமையல் வாழை எண்ணில்தான் வரி குறைவு. அப்போது ஜி9-ஐ "வாழைக்காய்" என்று எழுதச் சொல்வார்கள். இரண்டும் தப்பான அறிவிப்புதான்.

பெட்டியைத் திறந்து பார்க்கிற அதிகாரிக்கு மொந்தனின் தடித்த தோலும் பட்டை விழுந்த உடம்பும் போதும். அன்றைக்குத் தப்பினாலும், குறைவாகக் கட்டிய வரியை மூன்று ஆண்டுவரை பின்னோக்கி வந்து கேட்க அவர்களுக்கு வழி உண்டு. கட்டப்போவது கடைக்காரர், உறவு கெடுவது இங்கே. வாழைப்பழம் என்று அறிவித்தால் அதற்கென்று தனி எடைச் சான்றும் வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்றிதழை வைத்து ரகத்தை நிரூபித்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். 2019 டிசம்பர் முதல் அன்னாசி, தேங்காய், டுரியன், பேரீச்சையோடு வாழைக்கும் ஐரோப்பா அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை. (பூச்சிமருந்து எச்சத்துக்கு இந்தத் தளர்வு கிடையாது. அது தனிக் கதை.) எனவே உங்கள் இன்வாய்ஸ்தான் பேச வேண்டும். வெறும் "வாழை" என்று எழுதாதீர்கள். "மொந்தன் ரகம், சமையல் வாழை, புதியது, தோல் உரிக்காதது, உறையவைக்காதது" என்று எழுதுங்கள். பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (இங்கே சுங்கத்தில் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பு) இரண்டிலும் அதே சொற்கள் வரட்டும். உரித்து உறையவைத்தால் அது 0811-க்குப் போய்விடும், சிப்ஸ் 2008-க்கு, மாவு 1106-க்கு.

அப்புறமும் சந்தேகம் இருந்தால், பாரீஸில் இருக்கும் கடைக்காரர் பிரெஞ்சு சுங்கத்துறையிடம் வகைப்பாட்டு முன்தீர்ப்புக்கு, அதாவது சரக்கு எந்த எண்ணில் வரும் என்று முன்கூட்டியே தரும் முடிவுக்கு, விண்ணப்பிக்கலாம். காயின் படம், ரகம், சமைக்கும் விதம் எல்லாம் நாம் இங்கிருந்து எழுதிக் கொடுக்க வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். எனவே கோடையில் அனுப்ப நினைப்பவர் பொங்கலுக்கு முன்பே விண்ணப்பத்தைப் போடச் சொல்லிவிடுங்கள். கிடைத்த தீர்ப்பு மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றிய நாடுகள் அனைத்திலும் செல்லும்.