முதலில் அப்ரூவர் ஆகிறவருக்கு அபராதம் இல்லை

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி ஒரு ரூபாய் ஏறியிருந்தால் கடைக்காரரிடம் யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. இரண்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். எவரெடி, பானாசோனிக், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிப்போ ஆகிய மூன்றின் கையில்தான் நாட்டின் உலர் பேட்டரிச் சந்தை கிட்டத்தட்ட முழுவதும் இருந்தது. 2008 முதல் 2016 வரை இவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு விலையை நிர்ணயித்தார்கள் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. எட்டு வருடம்! அத்தனை நாளும் வெளியில் யாருக்கும் சந்தேகம் வராதபடிதான் அது நடந்தது.

ஆணையத்தின் உத்தரவு சொல்லும் முறை இது. விலை ஏறப்போகிறது என்று ஒரு நிறுவனம் பத்திரிகைச் செய்தி கொடுக்கும். அதைப் பார்த்துத்தான் தாங்களும் ஏற்றியதுபோல மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள். போட்டியாளரின் விலையைக் கவனித்து நம் விலையை மாற்றிக்கொள்வதில் சட்டப்படி தப்பே இல்லை. மூன்று பேட்டரியும் ஒரே விலைக்கு விற்பது மட்டும் குற்றமாகிவிடாது. பேசிவைத்துத்தான் அப்படி விற்றார்கள் என்று நிரூபிக்க வேண்டும். பேசியது அவர்களுக்குள், ரசீது போட்டா பேசுவார்கள்?

ஆனால் இந்த மாதிரி சிண்டிகேட்டுக்கு உள்ளேயே ஒரு ஓட்டை உண்டு. எல்லோரும் விலையை உயர்த்திப் பிடித்திருக்கும்போது, ஒருவர் மட்டும் மொத்த வியாபாரிக்குக் கமுக்கமாகக் கூடுதல் மார்ஜின் கொடுத்துச் சரக்கைத் தள்ளினால் லாபம் முழுக்க அவருக்குத்தான். அந்த ஆசை மூவருக்குமே இருக்கும். அதனால் ஒருவரை ஒருவர் வேவு பார்த்தே ஆக வேண்டும். பேட்டரி விவகாரத்தில் உற்பத்தி, விற்பனைக் கணக்குகளை உற்பத்தியாளர் சங்கமே திரட்டி உறுப்பினர்களுக்குக் கொடுத்துவந்தது. யாருடைய பங்கு திடீரென்று கூடுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். வியாபாரிகளுக்கான மார்ஜினையும் சேர்ந்தே கட்டுப்படுத்தினார்கள். கூட்டாளிகள்தான், ஆனால் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை கிடையாது.

போட்டிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு கைவைப்பது சரியாக அந்த இடத்தில்தான். கூட்டுச்சதியில் இருந்த நிறுவனமே முன்வந்து எல்லாவற்றையும் கக்கினால் அபராதம் குறையும். முதலில் வருபவருக்கு 100 சதவீதம் வரை, இரண்டாவது ஆளுக்கு 50 வரை, மூன்றாவது ஆளுக்கு 30 வரை தள்ளுபடி. கொலை வழக்கில் அப்ரூவர் ஆவதைப் போலத்தான், ஆனால் இங்கே வரிசை எண் உண்டு. முழு ஆவணங்களும் கையில் இல்லாவிட்டாலும் முதலில் தகவல் சொல்லி இடம் பிடித்துக்கொள்ளலாம். கெடுவுக்குள் மீதியைக் கொடுத்தால் அந்த இடம் நிலைக்கும்.

அப்படியொரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். மூவரும் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் ஆகாது. ஆனால் ஒருவர் திறந்துவிட்டால், சதி நடந்த ஒவ்வொரு வருடத்துக்கும் லாபத்தைப்போல மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போடலாம். மற்ற இருவரும் இதே கணக்கைப் போடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் போடுவது அவர்களுக்கும் தெரியும்.

பேட்டரி வழக்கில் முதலில் போய்ச் சொன்னது பானாசோனிக். 2016 ஆகஸ்ட் 23 அன்று மூன்று நிறுவனங்களிலும் ஒரே நேரத்தில் சோதனை நடந்தது. அதற்குப் பிறகு எவரெடியும் நிப்போவும் சலுகை கேட்டு வந்து நின்றன. பானாசோனிக்குக்குக் கணக்கிடப்பட்ட 74.68 கோடி ரூபாய் முழுவதும் தள்ளுபடி. எவரெடிக்கு 30 சதவீதம் போக 171.55 கோடி, நிப்போவுக்கு 20 சதவீதம் போக 42.26 கோடி.

சலுகை கொடுத்தால் தானாக வந்துவிடுவார்கள் என்றும் இல்லை. அமெரிக்க நீதி அமைச்சகம் 1978லேயே இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது; வருடத்துக்கு ஒரு விண்ணப்பம் வந்தாலே பெரிது. போய்ச் சொன்ன பிறகும் மன்னிப்பு அதிகாரிகளின் விருப்பத்தைப் பொறுத்தது என்றால் எவன் வருவான்? 1993இல் அதை மாற்றினார்கள். விசாரணை தொடங்கும் முன் வரும் முதல் நிறுவனத்துக்கு மன்னிப்பு நிச்சயம். ஒத்துழைக்கும் அந்த நிறுவனத்தின் அதிகாரிகளுக்கும் சிறை இல்லை. அதன்பிறகு மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வர ஆரம்பித்தன. அங்கே விலைச்சதிக்கு 10 ஆண்டு வரை சிறை உண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் சதிக்கு அபராதம் மட்டும்தான். பயம் அந்த அளவுக்குக் குறைவு.

எட்டு வருடம் லாபம் பார்த்தவர் ஒரு ரூபாய்கூட கட்டாமல் வெளியே போவது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. நஷ்டஈடு கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. இரண்டு பேட்டரிக்காக யார் வழக்குப் போடுவது? அபராதமும் அரசின் கஜானாவுக்குத்தான் போகிறது. ஆனாலும் உள்ளே இருந்த ஒருவர் பேசாவிட்டால் இந்தப் பேச்சே வெளியே வந்திருக்காது என்பதால் இந்த ஏற்பாட்டை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2023 திருத்தத்தில் இதற்கு இன்னொரு கொக்கியும் சேர்ந்திருக்கிறது. ஒரு சதியில் ஏற்கெனவே சலுகை கேட்டு விண்ணப்பித்திருக்கும் நிறுவனம், ஆணையத்துக்குத் தெரியாத வேறொரு சதியைக் காட்டிக்கொடுத்தால் இரண்டிலும் தள்ளுபடி கிடைக்கும். அமெரிக்காவில் இது பழைய உத்தி. இன்னொரு சதியை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே ஓர் உதாரணம் உண்டு. சிட்ரிக் அமில விலைச்சதியில் மாட்டிய சுவிஸ் நிறுவனம் ஹாஃப்மன்-லா ரோஷ், 1997இல் 1.4 கோடி டாலர் அபராதத்தோடு தப்பித்தது. அதே நேரத்தில் வைட்டமின்களிலும் உலகளாவிய சதி ஒன்றை அது நடத்திக்கொண்டிருந்தது. விசாரித்தபோது அதன் அதிகாரி ஒருவர் அப்படி எதுவும் இல்லை என்று சாதித்துவிட்டார். வைட்டமின் சதியில் கூட்டாளியாக இருந்த பிரெஞ்சு நிறுவனம் ரோன்-பூலாங்க் முந்திக்கொண்டு போய்ச் சொல்லி முழு மன்னிப்பு வாங்கியது. 1999 மே மாதம் ரோஷ் கட்ட ஒப்புக்கொண்டது 50 கோடி டாலர். சாதித்த அதிகாரிக்கு நான்கு மாதச் சிறை.