பத்தடி இடத்துக்குள் ஒரு நகரம்

நகரத்துச் சண்டையில் காலாட்படை வீரருக்கு மிக ஆபத்தான இடங்களில் ஒன்று வாசற்படி. வெளிச்சத்திலிருந்து இருட்டறைக்குள் நுழையும் அந்த ஓரிரு நொடியில், உள்ளே இருப்பவர் கண்ணுக்கு அவர் பளிச்சென்று தெரிவார். எதிரே நிற்பது துப்பாக்கி ஏந்தியவரா, பிள்ளையை அணைத்திருக்கும் தாயா என்பது நுழையும் வீரருக்குத் தெரியாது. பயிற்சிக்கென்று கட்டிய போலித் தெருக்களில் நாலு முறை போய்வந்தால், எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது மனப்பாடமாகிவிடும்.

இதைத் தவிர்க்க அமெரிக்கத் தரைப்படை 2012-ல் ‘டிஸ்மவுண்டட் சோல்ஜர் டிரெய்னிங் சிஸ்டம்’ என்ற மெய்நிகர் பயிற்சியைக் கொண்டுவந்தது. ஒன்பது பேர் கொண்ட குழு. ஆளுக்குப் பத்தடிக்குப் பத்தடி இடம், காலடியில் வட்டமான ரப்பர் விரிப்பு. கண்முன் திரை, முதுகில் கணினி, கை கால்களில் சென்சார்கள். தலையைத் திருப்பினால் தெரு திரும்பும். குனிந்தால் திரையில் அவருடைய உருவமும் குனியும். காட்சிகளை வரைந்தது கிரைஎஞ்சின் 3 என்ற வீடியோ கேம் மென்பொருள்.

சரி, பத்தடிக்குள் ஒரு ஊரை எப்படி நடந்து கடப்பது? துப்பாக்கியிலேயே ஒரு குட்டி ஜாய்ஸ்டிக் இருந்தது. கட்டைவிரலால் தள்ளினால் உருவம் நடக்கும். சிக்கலும் அங்கேதான். ‘நடக்கிறேன்’ என்று கண் சொல்லும். காதுக்குள் சமநிலையைக் கவனிக்கும் உறுப்போ ‘அசையாமல் நிற்கிறாய்’ என்று சொல்லும். இந்த முரண்பாட்டில் சிலருக்குத் தலைசுற்றும், குமட்டும். ஓடும் பஸ்ஸில் புத்தகம் படித்தால் வருமே, கிட்டத்தட்ட அதேதான். தலை திரும்பிய பிறகு படம் மாற 20 மில்லிவினாடிக்கு மேல் ஆனாலும் பலருக்கு உறுத்தும்.

இன்னொரு குறை, தோளைச் சாய்க்கச் சுவர் கிடையாது. அமெரிக்க மரீன் படை கலிஃபோர்னியாவில் உள்ள தன் கேம்ப் பென்டில்டன் தளத்தில் 2007-ல் வேறு வழியில் போனது. தக்காளி பேக் செய்த பழைய கட்டடத்துக்குள் நிஜச் சுவர்களோடு தெருக்கள் கட்டி, நடிகர்களை நிறுத்தி, சில சுவர்களில் மட்டும் எதிரி உருவங்களைப் படமாகப் பாய்ச்சியது. உடம்புக்குப் பழக்க இதுதான் மேல் என்பேன்.

ஆனால் மெய்நிகர் களத்தில் ஒவ்வொரு அசைவும் பதிவாகிறது. சண்டை முடிந்ததும் எந்தக் கோணத்திலிருந்தும் அதை ஓட்டிப் பார்க்கலாம். எதிரி நின்ற ஜன்னலிலிருந்தே வீரர் தன்னைப் பார்க்கிறார்: அவர் எட்டிப் பார்க்கும் முன்பே துப்பாக்கி முனை கதவோரத்தில் ஒரு சாண் வெளியே வந்துவிட்டது. அப்புறம் அதே கதவுக்குத் திரும்புகிறார், துப்பாக்கியை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டு. பயிற்சியாளர் இதற்குள் எதிரியைப் பக்கத்து அறைக்கு மாற்றியிருப்பார்.